பழைய மெத்தை வீட்டை எப்படி ரசிப்பது?

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் கண்டாச்சிபுரத்தில் இறங்கி, உள்தெருக்களில் ஒரு நடை போய் வாருங்கள். கான்கிரீட் வீடுகளுக்கு நடுவே பழைய மெத்தை வீடு (தளம் போட்ட வீடு) ஏதாவது கண்ணில் படலாம். அதன் வயதைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் எதற்காக எங்கே கைவைத்தார்கள் என்று தேடுங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

திண்ணை: முதலில் படிகளை எண்ணுங்கள். திண்ணை முழங்கால் உயரமே இருந்தால், பல நேரம் அது தாழ்ந்ததாக இருக்காது; சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். கீழ்ப்படி மண்ணுக்குள் கிடக்கும். ஒரு பக்கத் திண்ணை அறையாகியிருந்தால், சுவர் விழுங்கிய தூணின் புடைப்பைத் தேடிப் பாருங்கள்.

தளம்: உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருந்தால் அது கட்டைக்குத்துத் தளம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கியிருப்பார்கள். தேக்கின் இடத்தில் தண்டவாள இரும்பு இருந்தால், அது ரயில் வந்த பிறகு செய்த வேலை. சாய்ப்பில் சீமை ஓடு இருந்தால், அதுவும் பிற்காலத்தது: மங்களூரில் பாசல் மிஷன் அந்த ஓட்டைச் செய்யத் தொடங்கியதே 1865-இல்தான்.

முற்றம்: மேலே கிரில்லும் ஃபைபர் ஷீட்டும் வந்திருக்கும். தரையைப் பாருங்கள், மழைநீர் போன தூம்பு இன்னும் இருக்கும். லண்டனின் விக்டோரியா காலத்து வீடுகளில் கணப்படுப்பை அடைத்த பிறகும் கூரையில் புகைபோக்கி நிற்கிறதே, அதுபோல.

இதையெல்லாம் பார்த்த கண்ணோடு புதுச்சேரிக்குப் போங்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் கீழே செதுக்கிய மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றம். மேல்மாடியில் பிரெஞ்சுச் சாயலில் தூண் வரிசை. இரண்டு ரசனைகள் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அங்கே வைசியாள் வீதியில் திண்ணைகளையும் தெருத் தாழ்வாரங்களையும் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

ஆகவே மாற்றமெல்லாம் குற்றமில்லை. திண்ணை அறையானது மகன் கல்யாணத்துக்காக இருக்கலாம். கிரில் திருட்டுப் பயத்தில் வந்திருக்கலாம். சுண்ணாம்புச் சுவர் மேல் பூசிய சிமென்ட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். சுவரில் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்வது அதனால்தான்.

வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “முற்றத்தை எப்ப மூடினீங்க பாட்டி?” வருஷம் நினைவில்லாவிட்டாலும், எந்த மழையில் கூடம் நனைந்தது என்று சொல்லிவிடுவார்.