வெட்டுக்காயப் பூண்டும் எலியின் தோலும்

வரப்போரத்திலும் கிணற்று மேட்டிலும் தானாக முளைத்துக் கிடப்பது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு, தாத்தா பூ என்றும் சொல்வார்கள். அரிவாள் பட்டால் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவது நம் கிராமத்து வழக்கம். ஆனால் இந்தச் செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. நம் மண்ணுக்கு வந்து சில நூற்றாண்டுகளே ஆகியிருக்கும். ஆயிரமாண்டு அனுபவம் என்ற சான்று இதற்குச் செல்லாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை பெரும்பாலும் எலியின் முதுகில் நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, மயிரை மழித்து, சுமார் 500 சதுர மில்லிமீட்டர் தோலை வெட்டியெடுக்கிறார்கள். சில எலிகளுக்கு இலைச்சாறு கலந்த களிம்பு, சிலவற்றுக்குப் போவிடோன் அயோடின், சிலவற்றுக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. காயத்தின் பரப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளக்கிறார்கள். வேறு எலிகளில் கீறித் தைத்து, பத்தாம் நாள் அந்த இடம் எவ்வளவு இழுப்புக்குப் பிரிகிறது என்றும் பார்ப்பதுண்டு.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்த வெறும் களிம்பைத்தான். சிறு காயம் எதுவும் பூசாமலே ஆறும். "இலை வைத்தேன், ஆறிவிட்டது" என்ற பேச்சில் உடம்பின் வேலை எது, இலையின் வேலை எது என்று பிரிக்க முடியாது. ஒப்பிட ஒரு கூட்டம் இருந்தால் பிரித்துவிடலாம்.

சிக்கல் தோலில் இருக்கிறது. எலித்தோலின் அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் உண்டு. அது காயத்தைச் சுற்றியிருந்து இழுத்துச் சுருக்கியே பெரும்பாலும் மூடிவிடும். மனிதக் காயமோ முக்கியமாகப் புதுச்சதை வளர்ந்து, மேல்தோல் படர்ந்து மூடுகிறது. பரப்பு குறைந்தது என்ற எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தக்கூடாது. காயத்தைச் சுற்றிச் சிலிகோன் வளையம் தைத்துச் சுருக்கத்தைத் தடுக்கும் முறை இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை: சோதிக்கப்படும் பொருளும் மக்கள் பயன்படுத்தும் பொருளும் வேறு வேறு. ஆய்வகத்தில் எத்தனாலில் இறக்கிய சாறு, சுத்தமான வெட்டு, இளமையும் ஆரோக்கியமும் உள்ள எலி. வயலில் கழுவாத இலை, மண் ஒட்டிய விரல், துருப்பிடித்த அரிவாள். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருப்பது அந்த மண்ணில்தான். ஆழமான காயத்தில் அந்த இலையை வைத்து இறுக்கிக் கட்டுவதன் ஆபத்தை எலிச்சோதனை தொடுவதே இல்லை. புது மருந்து உண்மையில் தேவைப்படுகிற, சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண்ணையும் அது தொடுவதில்லை.

எலிக்கு அடுத்த படியும் இருக்கிறது. தோல் ஒட்டு அறுவையில் தொடையிலிருந்து தோல் எடுத்த இடம், ஆழமும் வயதும் தெரிந்த காயம். கற்றாழையை அங்கே மனிதரிடமே சோதித்திருக்கிறார்கள். வெட்டுக்காயப் பூண்டின் சாற்றையும் கிருமிநீக்கி, அளவு நிலைப்படுத்தி, பாதுகாப்பை உறுதிசெய்தபின், நோயாளியின் சம்மதத்தோடு அந்தக் காயத்தின் ஒரு பாதியில் இடலாம். மறு பாதிக்கு வழக்கமான கட்டு. எந்தப் பாதி எது என்று அறியாத ஒருவர் அளக்க வேண்டும்.