நியூட்ரினோ கரும்பொருளை இடிக்கிறதா?

கரும்பொருளும் நியூட்ரினோவும் மோதிக்கொள்வதற்குத் தடயம் கிடைச்சாச்சு என்று செய்திகள் ஓடின. நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்த அந்தக் கட்டுரையின் யோசனை அழகானதுதான். இளம் பிரபஞ்சத்தில் நியூட்ரினோக்கள் கரும்பொருளை லேசாக இடித்திருந்தால், அது திரள்வது சற்றே தடைபடும். இன்று பொருள் கொஞ்சம் குறைவாகவே திரண்டிருக்கும்.

இந்தத் திரட்சியை எஸ்8 என்ற எண்ணால் அளக்கிறார்கள். பிளாங்க் செயற்கைக்கோள் தரவிலிருந்து வரும் கணிப்பு சுமார் 0.83. டார்க் எனர்ஜி சர்வேயின் மூன்றாண்டுத் தரவில் விண்மீன் மண்டலங்களின் உருவத் திரிபை வைத்துப் பார்த்தால் சுமார் 0.77. கட்டுரைக்குப் பலம் தருவது இந்த இடைவெளிதான்.

இங்கேதான் எனக்கு உதைக்குது. 2025இல் கிட்ஸ் குழு தன் முழுத் தரவையும் அலசிச் சொன்ன எண் 0.815. அது பிளாங்க்கோடு ஒத்துப்போகிறது! இடைவெளியே சுருங்கிவிட்டால், அதை அடைக்க வந்த தீர்வுக்கு என்ன வேலை?

கட்டுரை சொல்வதும் கிட்டத்தட்ட மூன்று சிக்மாதான். துகள் இயற்பியலில் ஐந்து வந்தால்தான் கண்டுபிடிப்பு என்பார்கள். ஆனாலும் இதைத் தள்ளிவிட மாட்டேன். மோதலின் அளவை ஓர் எண்ணாகவே தந்திருக்கிறார்கள். யூக்ளிட், ரூபின் தரவுகள் வந்தால் அது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். அதுவரை, தடயம் என்பதைவிடச் சந்தேகம் என்பதே சரியான சொல்.