கோட்டை கூறாத வரலாறு

ஏட்டிற் படிக்கும் வரலாற்றினும் நிலத்தில் நடந்து அறியும் வரலாறு மனத்தில் ஆழப் பதியும். அவ்வகையில், மட்டக்களப்பிற்கு வருவோரைப் புளியந்தீவின் வீதிகளிற் கால்நடையாக அழைத்துச் சென்று பழைமையை விளக்குவது வரவேற்கத்தக்கதே. வாவிக்கரை, காந்திப் பூங்கா, 1814 இல் வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ற்றின் சிலை, ஒல்லாந்தர் கோட்டை ஆகியன யாவும் சிறு நடைக்குள் அடங்குவன.

எனினும், இத்தகைய விளக்கங்கள் பெரும்பாலும் ஆண்டவர்களின் பட்டியலாகவே முடிந்துவிடுகின்றன. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினர். ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வளவோடு நிறுத்தினால், கோட்டை ஐரோப்பியர் தமக்குள் கைமாற்றிக்கொண்ட பொருளாகவே தோன்றும். 1638 இன் வெற்றியிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் பங்குண்டு என்பதும், கோட்டை வீழ்ந்த அதே மாதத்தில் அவனுக்கும் ஒல்லாந்தருக்குமிடையே உடன்படிக்கை ஏற்பட்டது என்பதும் மறைந்துபோகும்.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. போர்த்துக்கேயர் அக்கோட்டையில் நிலைத்தது பத்தாண்டுகளே. ஆயினும், அவர்தம் மொழிவழி வந்த கிரியோல் மொழி இந்நகர்ப் பறங்கியர் சிலரின் நாவில் இன்றும் வாழ்கின்றது. அவர்களுக்குப் பின் நெடுங்காலம் ஆண்ட ஒல்லாந்தரின் மொழிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கல்லிற் கட்டியோர் ஒல்லாந்தராயினும், சொல்லில் நிலைத்தோர் போர்த்துக்கேயரே எனலாம். நாம் அமரும் கதிரை, பூட்டும் சாவி, உண்ணும் பாண் ஆகிய சொற்களும் அம்மொழி தமிழுக்குத் தந்தவையன்றோ? மதிலின் கனத்தை விளக்குவோர் இவ்வியப்பை விளக்காது செல்வது முறையன்று.

தச்சுத் தொழிலிலும் இரும்புத் தொழிலிலும் பெயர்பெற்ற பறங்கியர் சமூகம் அளவிற் சிறியது. அவர்கள் வாழ்ந்த டச்பார் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையாற் பேரழிவுற்றது. இளந்தலைமுறை தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டுவரும் நிலையில், அக்கிரியோலைப் பேசுவோர் தொகை குறைந்துவருகின்றது. இடிந்த மதிலைச் செப்பனிடலாம். பேசுவாரற்றுப் போன மொழியை எக்கொத்தனாராலும் எடுத்துக்கட்ட இயலாது.

ஆதலின், இந்நடை கோட்டை வாயிலோடு முடிதல் ஆகாது. பாலத்தைக் கடந்து டச்பார் வரை நீளுதல் வேண்டும். அங்கு விளக்கம் கூறும் பொறுப்பையும் அம்மொழியை அறிந்த முதியோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஆண்டு சென்றோரின் கோட்டையைக் காட்டும் நகர், தன்னோடு வாழ்வோரின் குரலையும் கேட்பிக்கும்போதே அதன் வரலாறு முழுமை பெறும்.