பார்பியானாவிலிருந்து வந்த மடல்

ஒரு பள்ளியை அளக்கும் கோல் எது? தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கையா, இடையிலே நின்றுபோனோரின் எண்ணிக்கையா? நம் பள்ளிகளின் ஆண்டு விழா அறிக்கைகள் பெரும்பாலும் முதற்கோலையே கையில் எடுக்கின்றன. இரண்டாம் கோலை எடுத்து ஒரு நாட்டின் கல்வியமைப்பு முழுவதையும் அளந்து காட்டிய நூல் ஒன்று உண்டு. 1967 மே மாதம் இத்தாலியில் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்கு மடல்’ என்பதே அந்நூல். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானா பள்ளி’ என்றே காணப்படும். எழுதியவர் மலைநாட்டு மாணவர் எண்மர். எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை லொரென்சோ மிலானி. நூல் வெளிவந்த மறுமாதமே, ஜூன் 26 அன்று, தம் நாற்பத்து நான்காம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்குனீங்க?’ என்னும் பெயரில் இந்நூல் தமிழிலும் வந்துள்ளது.

மிலானி 1923-இல் ஃபிளாரன்ஸ் நகரின் செல்வமும் கல்வியும் மிக்க குடும்பமொன்றில் பிறந்தவர். தாய்வழியில் யூத மரபினர். ஓவியம் பயின்ற அவ்விளைஞர் 1943-இல் குருமடம் புகுந்து 1947-இல் குருவானார். முதலில் கலென்சானோ என்னுமிடத்தில் தொழிலாளர்க்கு மாலைப் பள்ளி நடத்தினார். கட்சி வேறுபாடின்றி அனைவரையும் அமர்த்திக் கற்பித்தது சிலர் கண்ணை உறுத்தியது. 1954-இல் சாலையோ, மின்சாரமோ, குழாய்நீரோ இல்லாத பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ‘மேய்ப்புப் பணி அனுபவங்கள்’ 1958-இல் வெளிவந்தபோது, அதைத் திரும்பப் பெறுமாறு உரோமை ஆணையிட்டது. அவ்வாணைக்கு இனி இடமில்லை என்று 2014-இல் அறிவிக்கப்பட்டது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறைமுன் நின்று செபித்தார். திருச்சபை தன் மகனை அறிந்துகொள்ள அரை நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு பங்குத்தந்தை ஏன் பள்ளி ஆசிரியரானார் என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை ஆழமானது. சொல்லின் பொருள் விளங்காதவனுக்கு மறையுரை எட்டாது. மறைக்கல்வி மனப்பாடமாகவே நின்றுவிடும். ஆகவே ஏழைக்கு முதலில் மொழியைக் கொடுக்க வேண்டும் என அவர் கருதினார். அவரது கல்விக் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு விதையிலிருந்து முளைத்ததே. செல்வன் வீட்டுப் பிள்ளையையும் உழவன் வீட்டுப் பிள்ளையையும் பிரித்து நிறுத்துவது அறிவன்று; வீட்டிலிருந்து கொண்டுவரும் சொற்களே.

கோட்பாடு வகுப்பறையை எவ்வாறு உருமாற்றும் என்பதற்குப் பார்பியானாவே சான்று. அங்கே ஆசிரியர் மேசையில்லை, கரும்பலகையில்லை, பெஞ்சுகள் இல்லை. உண்ணவும் படிக்கவும் அதே பெரிய மேசைகள்தாம். நாளிதழே பாடநூல். பெரிய மாணவன் சிறியவனுக்குக் கற்பிப்பான். ஒருவனுக்குப் பாடம் விளங்கும்வரை மற்றவர் காத்திருப்பர். ஆதலால் பின்தங்கியவனே அங்கே செல்லப்பிள்ளை. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டின் 365 நாளும் பள்ளி நடந்தது. சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்: ‘ஐ கேர்’. எனக்கு அக்கறை உண்டு என்பது அதன் பொருள்.

மடல் பிறந்ததும் ஒரு தோல்வியிலிருந்துதான். பார்பியானாவிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்ற மாணவர் தேர்வில் வீழ்த்தப்பட்டனர். எட்டாண்டுக் கல்வி அனைவர்க்கும் உரியது என இத்தாலியின் 1948-ஆம் ஆண்டு அரசமைப்பு உறுதியளித்திருந்தது. 1962-இல் நடுநிலைப்பள்ளி அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. ஆயினும் பள்ளி பிள்ளைகளை வழியில் உதிர்த்துக்கொண்டே போயிற்று. மருத்துவர் மகன் பியரினோ, உழைப்பாளி மகன் ஜியான்னி என இரு பிள்ளைகளை முன்நிறுத்தி மாணவர்கள் வழக்காடுகின்றனர். உதிர்ந்தவர்களின் தந்தையர் தொழிலை அட்டவணையிட்டு, உழைப்பாளர் மக்களே மிகுதி என எண்களால் காட்டுகின்றனர். கோபத்தைக் கணக்காக மாற்றிய இந்த உழைப்பே நூலின் முதற்சிறப்பு.

அடுத்த சிறப்பு நடை. எண்மரும் தத்தம் எண்ணங்களைத் தாள் துண்டுகளில் குறித்து, ஒத்தவற்றைக் குவியலாக்கி, குவியல்களை இயல்களாக்கி, மிகையான சொற்களை ஒவ்வொன்றாக நீக்கி, வெளியாரிடம் படித்துக் காட்டித் திருத்தியிருக்கின்றனர். எழுதத் தெரியாதவர் என்று விலக்கப்பட்டவர்கள் கூடி எழுதி அத்தீர்ப்பைப் பொய்யாக்கினர். இதைவிட வலுவான வாதம் நூலுக்குள்ளும் இல்லை.

எனினும் நாம் இந்நூலை வணக்கத்தோடு மட்டும் படித்து வைத்துவிடலாகாது. முதலாவது, மடல் பெறும் ஆசிரியைக்கு அதில் வாய் இல்லை. அவர் ஒரு தனி மனுஷியாக அன்றி, ஓர் அமைப்பின் முகமாகவே நிற்கிறார். நெரிசல் மிகுந்த வகுப்பில் நின்று தொண்டை வறளும் ஆசிரியையின் பக்கமும் நீதி சற்றே உண்டு. இரண்டாவது, முழுநாள் பள்ளிக்காக ஆசிரியர்கள் மணத்துறவு மேற்கொள்வதைக்கூட நூல் பரிந்துரைக்கிறது. மணத்துறவியராகிய நாம் இதை எளிதில் பாராட்டிவிடக் கூடாது. பிறர் குடும்பத்தைச் செலவிட்டுத் தியாகம் கற்பிப்பது எளிது. மூன்றாவது, கீழேயுள்ள ஊரிலிருந்து ஒரு சிறுமிகூட அப்பள்ளிக்கு ஏறி வரவில்லை என்று நூலே ஒப்புக்கொள்கிறது. அந்தக் குறையை ஆழமாக ஆராயாமல் கடந்து செல்கிறது.

நூலின் மூன்று கோரிக்கைகள் இன்றும் உயிருடன் இருக்கின்றன. யாரையும் தோல்வியுறச் செய்யாதீர். பின்தங்கியவர்க்கு முழுநாள் பள்ளி தாரீர். சோம்பியிருப்போர்க்கு ஒரு குறிக்கோள் தாரீர். இவை மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. நடைமுறையிலோ பல இடங்களில் முதற்புரி மட்டுமே கைக்கு வந்தது. கற்பிக்காமலே மேலேற்றினால், தோல்வி நீங்குவதில்லை, தள்ளிப்போடப்படுகிறது. பின்னர் 2019-இல், ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்துச் சட்டம் திருத்தப்பட்டது. கயிறு தாங்கவில்லை என்று அந்த ஒரு புரியையும் அறுக்க வழிசெய்தனர். மற்ற இரண்டையும் முறுக்கிச் சேர்க்க முயன்றோர் சிலரே.

பிறரைக் குறை கூறி நாம் தப்பிவிட இயலாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் உயர்நிலைப் பள்ளியின் தாளாளர் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு என்பதே அனைவரின் கனவு. ஒன்பதாம் வகுப்பில் தேறமாட்டார் எனத் தோன்றிய சிலரின் பெற்றோரை அழைத்து, ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று மாற்றுச் சான்றிதழை நீட்டினோம். ஒரு தாய் மட்டும் வாங்காமல் நின்றார். “சாமி, நம்ம கோயில் பள்ளிக்கூடமே வேண்டாங்குது, வேற எவன் சாமி சேர்ப்பான்?” என்றார். நம்மிடம் விடை இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. அவ்வாண்டு நூறு விழுக்காடு கிடைத்தது. வாயிலில் பதாகை கட்டினோம். நன்றித் திருப்பலியும் நிறைவேற்றினோம். அந்தச் சிறுவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தோம். பல ஆண்டுகள் கழித்து இம்மடலைக் கையில் எடுத்தபோது, அது எந்த ஆசிரியைக்கு எழுதப்பட்டது என்னும் ஐயம் நமக்கு எழவில்லை. முகவரி நம்முடையதாகவே இருந்தது.

காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பரைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறோம். தொண்ணூற்றொன்பதின் மதிப்பெண் குறைந்துவிடும் என்பதற்காக ஓர் ஆட்டை வேலிக்கு வெளியே விட்ட மேய்ப்பரைப் பற்றி எவரும் உவமை சொன்னதில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருளில் வறியோர்க்கும் குடும்பத்தின் துணையற்றோர்க்கும் கத்தோலிக்கப் பள்ளி தனிக்கவனம் செலுத்த வேண்டுமெனக் கேட்கிறது. மிலானி அதே அக்கறையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மலையுச்சியில் பள்ளியாக நடத்திக்கொண்டிருந்தார்.

பார்பியானாவை நம் ஊர்களில் அப்படியே நடுவது இயலாது, நடவும் வேண்டாம். ஓர் எளிய தொடக்கம் போதும். அடுத்த ஆண்டு விழா அறிக்கையில் தேர்ச்சி விழுக்காட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: இவ்வாண்டு நம் பள்ளியை விட்டுச் சென்றவர் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவ்வரியை நிரப்ப ஆசிரியரும் பங்குத்தந்தையும் வீடுவீடாகச் செல்ல நேரிடும். அந்த நடையிலேயே நம் பள்ளி சீர்பெறத் தொடங்கும்.