தொட்டிப் பவளம் கடலைக் காக்குமா?

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பதும் ஒரு பாதுகாப்புப் பணிதான் என்ற பேச்சு கடலூர் சாலையில் தவளக்குப்பம் வரை வந்துவிட்டது. வளர்க்கிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: தொட்டியில் பெருக்கினால் கடலில் எடுப்பது குறையுமாம்.

அவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பெரிய பாலிப் கொண்ட கல் பவளங்களுக்கு (எல்.பி.எஸ். என்பார்கள்) உப்பு 35 பிபிடி, வெப்பம் 25, 26 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் என எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். உப்பேறிய போர் தண்ணீர் உதவாது, ஆர்.ஓ. கட்டாயம். சித்திரையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் சில மணி நேரத்தில் திசு சுருங்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவு மின்சாரம் போனபோது, பேட்டரி பம்ப் வைத்து ஒரு தொட்டியைக் காப்பாற்றியவர் கெட்டிக்காரர்தான்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

டார்ச், ஹாம்மர் போன்ற கிளைப் பவளங்களைக் கிளையோடு வெட்டி ஃபிராக் (புதிதாக வளரும் துண்டு) ஆக்கலாம், உண்மை. ஆனால் ட்ராக்கிஃபிலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் எதிலும் ஒட்டாமல் மணலில் கிடக்கும் பவளம் அது. பகலில் மடிப்பு மடிப்பாக ஊதிக் கிடக்கும். விளக்கணைந்ததும் உணர்கொம்புகள் நீளும். மைசிஸ் இறாலை வைத்தால் மெல்ல வாய்ப்பக்கம் இழுக்கும். பார்க்க அழகு. அதை ரம்பத்தால் அறுத்தால் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, வளர்ச்சியும் மெதுவானது. ஆகவே கடைக்கு வருவது பெரும்பாலும் கடலிலிருந்து முழுசாக எடுத்த உயிர். இங்கே தொட்டி எந்தச் சுமையைக் குறைத்தது?

வெட்டிப் பெருக்கிய டார்ச்சும் தாயின் நகல்தான். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் சூட்டில் வெளிறின. அத்தகைய வெப்பத்தைத் தாங்கும் பவளம் முட்டையும் விந்தும் கலந்து பிறக்கும் புதுத் தலைமுறையில்தான் தேறும். ஒரே மரபணுவை நூறு தொட்டிகளில் பரப்பினால் தேறாது. அந்த நூறில் ஒன்றும் கடலுக்குத் திரும்புவதும் இல்லை. திருப்பி விட நினைத்தாலோ, வெளிநாட்டுப் பவளத்தையும் தொட்டி நோயையும் நம் கடலில் விடுவது இன்னும் பெரிய கேடு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் செய்துவரும் மறுசீரமைப்பைப் பாருங்கள்: அந்தக் கடலின் துண்டையே அந்தக் கடலடியில் நடுகிறார்கள். பாதுகாப்பு அது.

சட்டம் என்ன சொல்கிறது? கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. உலக வணிகத்தில் அவை சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில். ஆனால் கடையில் பவளம் எங்கிருந்து வந்தது, எந்த அனுமதியில் வந்தது என்று கேட்டால் காகிதம் வராது. தள்ளுபடி விலை வரும். பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்பதில்லை.

அழகுக்காக வளர்க்கிறேன் என்று சொல்லுங்கள், அது நேர்மை. காகிதம் இல்லாத பவளத்தை வாங்காதீர்கள். கடலுக்கு உங்களால் ஆகக்கூடிய உதவி இப்போதைக்கு அது ஒன்றுதான்.