சிரிப்பினூடே ஒரு சடலம்

குந்தன் ஷா 1983-இல் இயக்கிய ‘ஜானே பி தோ யாரோ’ என்னும் இந்தித் திரைப்படத்தில், பம்பாயின் எளிய புகைப்படக்காரர் இருவர் தாம் எடுத்த படத்தைப் பெரிதாக்கும்போது அதில் ஒரு கொலையைக் காண்கின்றனர். மாண்டவர் மாநகராட்சி ஆணையர் டிமெல்லோ. (பெயரளவில் நம்மவர், கையூட்டு வாங்கியவரும் அவரே!) அவரது சவப்பெட்டியைக் குடிபோதையிலுள்ள ஒருவர் பழுதான கார் என்றெண்ணி இழுத்துச் செல்கிறார், மகாபாரத நாடக மேடையில் சடலமே திரௌபதியாகிறது. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்.

இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயலாகக் கற்ற நமக்கு இது உறுத்தாதா? உறுத்த வேண்டும். அவருக்காக அங்கு எவரும் அழவில்லை. அனைவருக்கும் அவ்வுடல் வெறும் சான்று, அல்லது சரக்கு. இயக்குநர் இதை அறிந்தே செய்திருக்கிறார் என்பேன்.

இறுதியில், கொலைகாரர் கட்டிய பாலம் இடிந்த பழி அவ்விரு அப்பாவிகள்மீது விழுகிறது. பிலாத்துவின் முற்றத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும் இங்கு மூன்றாம் நாள் இல்லை. கைதியுடையில் நடந்துவரும் இருவரும் நம்மை நோக்கிக் கழுத்தறுபடுவதாகச் சைகை காட்டுகின்றனர்.