லாரியின் முகப்பு விளக்கு: திரவமா, மின்சாரமா?

மயிலாப்பூர்வாசிகளுக்குத் தண்ணீர் லாரியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, தெருவுக்குத் தெரு குடங்கள் அதற்காக வரிசையில் காத்துக் கிடந்தன. அந்த லாரியை இரவில் எதிரே சந்திக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிரம்பி வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூச வைக்கும். தண்ணீரை இறக்கிவிட்டு அதே லாரி திரும்பும்போது அவ்வளவாகக் கூசாது. இரண்டு முறையும் ஓட்டுநர் விளக்கை 'டிம்'மில்தான் வைத்திருக்கிறார். பின் ஏன் இந்த வேறுபாடு?

காரணம் விளக்கில் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது. 9,000 லிட்டர் தண்ணீரின் எடை 9 டன். அதில் பெரும்பகுதியைப் பின் அச்சே தாங்குகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். அதோடு விளக்கும் நிமிரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 'டிம்' ஒளியின் மேல்விளிம்பு 100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கீழே சரியும்படி அமைத்திருக்கிறோம். அப்படியானால் 40 மீட்டர் தொலைவில் அந்த விளிம்பு 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். யார் கண்ணிலும் படாது. இப்போது சுமை ஏறி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது என்று கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 4 மீட்டர். எனவே சாய்வு 100-க்கு 1.5 மாறுகிறது. கீழே சரிய வேண்டிய ஒளி இப்போது 100-க்கு 0.5 வீதம் மேலே ஏறுகிறது. அதே 40 மீட்டர் தொலைவில் ஒளியின் விளிம்பு 1.2 மீட்டருக்கு வந்துவிட்டது. எதிரே வரும் காரோட்டியின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது!

சுமைக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்தும் அமைப்பு புதிதன்று. பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனம் 1948-இல் வெளியிட்ட 2சிவி காரிலேயே, ஓட்டுநர் கையால் திருகி விளக்கைச் சாய்க்க வழி இருந்தது. 1970-இல் வந்த அதே நிறுவனத்தின் எஸ்.எம். காரில் திரவ அழுத்தம் இந்த வேலையைத் தானாகவே செய்தது. பின்னர் ஐரோப்பியக் கார்களிலும் லாரிகளிலும், ஓட்டுநர் குமிழைத் திருப்பினால் திரவம் விளக்கைச் சாய்க்கும் எளிய அமைப்பும் வந்தது.

இதன் தத்துவத்தை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஊசி நீக்கிய இரண்டு மருந்துக் குழல்களை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே தள்ளப்படும். முதல் குழல் ஓட்டுநர் கையில் உள்ள குமிழ் என்றால், இரண்டாவது குழல் விளக்கின் பின்னால் இருப்பது. இனி ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டு மீண்டும் அழுத்துங்கள். காற்று அமுங்கிக் கொடுக்கும். ஆகவே இரண்டாவது குழல் முழுத் தூரம் நகராது.

திரவ முறையின் குறை முழுவதும் இந்தச் சோதனையில் அடங்கியிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் விறைக்கும், ரப்பர் தேயும், திரவம் கசியும், காற்று புகும். ஒரு விளக்கு சொன்னபடி கேட்கும், மற்றொன்று கேட்காது. இந்த அமைப்பை ஆலையிலேயே நிரப்பி மூடிவிடுவதால், பட்டறையில் திரவம் ஊற்றிச் சரிசெய்யவும் வழியில்லை. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பழைய வண்டிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவேதான் பலர் மின்முறைக்கு மாறுகிறார்கள். விளக்கின் பின்னால் ஒரு சிறிய மோட்டார் இருக்கும். அது பற்சக்கரங்களின் வழியே ஒரு திருகைச் சுழற்றும். திருகு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு மாறும் மின்தடை சொல்லிக்கொண்டே இருக்கும். குமிழ் காட்டும் அளவும் அதுவும் பொருந்தியதும் மோட்டார் நின்றுவிடும். கசிய இதில் ஒன்றுமில்லை. கம்பி அறுந்தால் ஒட்டலாம். 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் பாடியில் வாகன மோட்டார்களைச் செய்துவரும் நகரம் இது. ஒரு சிறு மோட்டாரைப் பழுது பார்க்க இங்கே ஆள் கிடைப்பார். இவ்வளவும் மின்முறைக்குச் சாதகமே.

ஆனால் 'மோட்டார் வைத்தாயிற்று, கூச்சம் ஒழிந்தது' என்ற எண்ணத்தை ஏற்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலாவது, இதிலும் குமிழைத் திருப்ப வேண்டியவர் ஓட்டுநரே. நிரம்பிய லாரிக்காக விளக்கைத் தாழ்த்திவிட்டு, காலியான பின் உயர்த்த மறந்தால் என்ன ஆகும்? சரிவு 100-க்கு 2.5 ஆகிவிடும். ஒளி 40 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 2.4 நொடிதான். அதற்கு அப்பால் சாலையைக் கடப்பவரை ஓட்டுநர் எப்படிக் காண்பார்?

இரண்டாவது, மோட்டார் கெட்டால் திருகு நின்ற இடத்திலேயே நிற்கும். விளக்கு ஆடாது என்பது நன்மை. பழுது வெளியே தெரியாது என்பது தீமை.

மூன்றாவது, மோட்டாரோடு கூடிய பழைய ஐரோப்பிய விளக்கை வாங்கிப் பொருத்தும் ஆசை. வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கான விளக்கில் ஒளி வலப்பக்கம் சற்றே மேலேறும். அவர்களுக்கு அது சாலை ஓரம், நமக்கோ எதிரே வருபவரின் முகம்! 12 வோல்ட் மோட்டாரை 24 வோல்ட் லாரியில் இணைத்தால் அது கருகிப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் பழைய லாரிகளில் பெரும்பாலானவற்றில் திரவமும் இல்லை, மோட்டாரும் இல்லை. விளக்கைச் சரிசெய்யும் திருகுகள் மட்டுமே உண்டு. அவற்றைத் தொடுவாரில்லை. அதற்கு ஈடாக விளக்கின் மேல்பாதியில் கறுப்பு வண்ணம் பூசும் வழக்கம் இங்கு நெடுநாள் இருந்தது. எச்-4 வகை பல்பில் 'டிம்' இழையின் அடியில் ஒரு சிறு தகடு உண்டு. அதனால் 'டிம்' ஒளி, எதிரொளிப்பானின் மேல்பாதியில் மட்டும் பட்டு, கண்ணாடியின் மேல்பாதி வழியாகவே வெளிவருகிறது. மேல்பாதியை மறைத்தால் நாம் இழப்பது, பிறர் கண்ணை உறுத்தாத அந்த ஒளியைத்தான். வெளிச்சம் போதாத ஓட்டுநர் 'பிரைட்'டைப் போடுவார். மருந்தே நோயை வளர்த்த கதை இது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி தெளிவாகவே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலப்பக்க விளிம்புக்கு அரை மீட்டர் அப்பால், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை ஒளி கூசச் செய்யக் கூடாது. உள்ளே திரவமா, மின்சாரமா என்று விதி கேட்கவில்லை. ஒளி எங்கே விழுகிறது என்றுதான் கேட்கிறது. நாமும் அதையே கேட்க வேண்டும்.

ஆகவே நம் முடிவு இது. கசிந்துபோன திரவ அமைப்பை அகற்றி மின்முறை வைப்பது சரியே. ஆனால் வைத்த அன்றே சுவரில் சோதிக்க வேண்டும். சமதரையில் காலி லாரியைச் சுவருக்கு 10 மீட்டர் முன்னே நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, குமிழை 0-இல் வையுங்கள். 'டிம்' ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழ வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி, அதே கோட்டுக்கு ஒளி வரும்வரை குமிழைத் திருப்புங்கள். அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள்: 'நிரம்பினால் இது, காலியானால் 0'.

இதற்குத் தேவை ஒரு சுவர், ஒரு சுண்ணாம்புக் கட்டி, கால் மணி நேரம். இந்தச் செலவைச் செய்ய மனமில்லாதவருக்கு எந்த மோட்டாரும் உதவாது.